ஆகாயத்தில் கனவு கண்ட விமானி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போனவர்கள் ஒரு விசேஷத்தைக் கவனித்திருப்பார்கள். மற்றப் பெருமாள் கோயில்களில் கருடாழ்வார் சந்நிதிக்கு எதிரே கைகூப்பி நிற்பார். இங்கே மட்டும் ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் பக்கத்திலேயே, கர்ப்பக்கிருகத்துக்குள்ளேயே அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. முகூர்த்தம் தவறிப் போகாமல், மாப்பிள்ளையை ஸ்ரீரங்கத்திலிருந்து சுமந்துகொண்டு வந்து, உரிய நேரத்தில் உரிய இடத்தில் இறக்கிவிட்டதற்காகக் கிடைத்த மரியாதை அது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அங்கிருந்து சுமார் 12 கிலோ மீட்டர் தள்ளி ராஜபாளையம் இருக்கிறது. அந்த ஊரில் சஞ்சீவி மலை என்று ஒரு குன்று. அனுமார் மூலிகை மலையைத் தூக்கிக்கொண்டு ஆகாய மார்க்கமாகப் பறந்தபோது, வழியில் சிதறி விழுந்த துண்டுதான் அது என்பது ஊர் ஐதீகம்.

ஆகாயத்தில் பறக்கிறவனுக்கு உள்ள கவலைகள் இரண்டு. கையில் உள்ளது வழியில் நழுவக்கூடாது. இறங்க வேண்டிய இடத்தில் பத்திரமாக இறங்க வேண்டும். இந்த இரண்டு ஊர்க் கதைகளிலும் அவை அடங்கியிருக்கின்றன.

ஆகாய விமானம் ஓட்டுவதில் கஷ்டமானது மேலே ஏறுவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். விமானிகளைக் கேட்டால் இறங்குவதுதான் என்பார்கள். 1935-ம் வருஷத்தில் பிரான்ஸில் பேர்போன சின்ன விமானம் ஒன்று மணிக்கு 270 கிலோ மீட்டர் வேகத்தில் போகக்கூடியது. அது சஞ்சீவி மலைக்கு மேலே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்துக்கு மேலே வர அதற்கு மூன்று நிமிஷம்கூடப் பிடிக்காது. கோபுரத்துக்கு அப்பால் ஒரு பொட்டலில் இறங்க வேண்டும் என்றால், அந்தச் சில நிமிஷங்களுக்குள் விமானிக்கு எத்தனை வேலை! வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் ஒரு அளவுக்குக் கீழே குறைத்தால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடும். எந்தப் பெட்ரோல் தொட்டியிலிருந்து யந்திரத்துக்கு எண்ணெய் போகிறது என்று பார்க்க வேண்டும். சில விமானங்களில் சக்கரங்களை வெளியே நீட்ட வேண்டும். ஆனி, ஆடி மாதமானால் மேற்கு மலைக் கணவாய்களின் வழியாகப் பாய்ந்து வரும் காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அதற்குத் தகுந்தபடி மூக்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் மனம் ஒரு கணம், சட்டைப் பையில் இருக்கும் கடிதத்துக்குப் போய்விட்டால் போதும். காரியம் கெட்டுவிடும்.

அப்படி மனம் ஓடிப் போவதையே வழக்கமாகக் கொண்டிருந்த ஒரு விமானி உலகப் புகழ் பெற்றார். அவர் பிரெஞ்சுக்காரர். பெயர் அந்த்வான் து செந்த் எக்சுபெரி. பாலைவனத்தில் விழுந்த ஒரு விமானியையும், வேறு கிரகத்திலிருந்து வந்த ஒரு சிறுவனையும் பற்றி அவர் எழுதிய 'குட்டி இளவரசன்' என்ற நூல் 1981-ல் தமிழிலும் வந்தது. அந்தக் கதை பிறந்ததே ஒரு விபத்தில்தான்.

பொய் சொல்லிப் பறந்த சிறுவன்

செந்த் எக்சுபெரி 1900-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி லியோன் நகரில் பழைய பிரபு குடும்பம் ஒன்றில் பிறந்தார். நான்கு வயது நிறைவதற்கு முன்பே தகப்பனார் இறந்துவிட்டார். ஐந்து குழந்தைகளையும் தாயார்தான் வளர்த்தார். அவர்கள் கோடைக்காலத்தைக் கழித்த மாளிகைக்குச் சமீபத்தில் ஆம்பேரியோ என்ற இடத்தில் ஒரு விமான மைதானம் இருந்தது. பையன் சைக்கிளில் ஏறி அங்கே போய்விடுவான். 1912-ல், அவனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, அம்மா அனுமதி கொடுத்துவிட்டாள் என்று ஒரு பொய்யைச் சொல்லி, ஒரு விமானியின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தடவையாகப் பறந்துவிட்டான். அம்மா அப்படி எந்த அனுமதியும் கொடுக்கவில்லை.

கடற்படைக் கல்லூரிப் பரீட்சையில் தோற்றுப்போனார். 1921-ல் ராணுவ சேவைக்குப் போன இடத்தில், சொந்தப் பணம் செலவழித்து விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1923-ல் பாரிஸுக்கு அருகே லெ பூர்ஜே மைதானத்தில் அவர் ஓட்டிய விமானம் விழுந்து நொறுங்கியது. மண்டை ஓட்டில் முறிவு! கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண்ணின் வீட்டார் விமானம் ஓட்டும் மாப்பிள்ளை வேண்டாம் என்றார்கள். பெண்ணுக்காக அவர் விமானத்தை விட்டார். பிறகு அந்தக் கல்யாணமும் நடக்கவில்லை.

அதன் பிறகு ஓடு செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதினார். லாரி விற்கும் உத்தியோகத்தில் சேர்ந்து ஊர் ஊராக அலைந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்து அவர் விற்றது ஒரே ஒரு லாரி!

தபால் மூட்டையும் பாலைவனமும்

1926-ல் துலூஸ் நகரத்தில் இருந்த லத்தேகோயேர் விமானத் தபால் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே திதியே தோரா என்ற நிர்வாகி மகா கண்டிப்பானவர். பிரபு வீட்டுப் பிள்ளையானாலும் முதலில் யந்திரங்களைக் கழற்றிக் கழுவும் வேலைதான். அப்புறந்தான் விமானம்.

பிரான்ஸிலிருந்து ஸ்பெயின், மொராக்கோ வழியாகச் செனகால் நாட்டுத் தாக்கார் வரைக்கும் தபால் போகும். ரேடியோ கிடையாது. யந்திரம் நின்றால் சகாராவில்தான் இறங்க வேண்டும். இறங்கினால் அங்குள்ள பழங்குடியினர் பிடித்துக்கொண்டு பணம் கேட்பார்கள். 1927-ல் அவரைக் கேப் ஜூபி என்ற கடலோரப் பாலைவன நிலையத்துக்குத் தலைவராக அனுப்பினார்கள். ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் மணல். படுக்கப் பலகை ஒன்று, கழுவ ஒரு கிண்ணம். அங்கே சுமார் ஒன்றரை வருஷம் இருந்தார். அகப்பட்டுக்கொண்ட விமானிகளை மீட்பதற்காகக் கூடாரங்களுக்குப் போய்ப் பேசினார். குண்டும் கரடுமான மணல் தரையில் பல தடவை விமானத்தை இறக்கி, விழுந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்தார். ஒழிந்த நேரத்தில் ஒரு பாலைவனக் குள்ளநரியைப் பிடித்து வளர்த்தார். ராஜபாளையத்தார் நாய் வளர்ப்பதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள்கூட, முயல் காது மாதிரிக் காது நீண்ட அந்தப் பிராணியைப் பார்த்தால் சிரித்திருப்பார்கள். அந்த நரிதான் பிற்காலத்தில் 'குட்டி இளவரசன்' கதையில் வந்து பேசியது.

கேப் ஜூபி நாட்களைப் பார்த்தால் அவர் மட்டமான விமானி என்று யாரும் சொல்ல முடியாது. அபாயம் கண்ணுக்கு முன்னே நின்றால் அவர் புலன்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். அபாயம் இல்லை என்று தோன்றிவிட்டால், மனம் நூல் அறுந்த பட்டம் மாதிரி எங்கேயோ போய்விடும். அவருக்கு நேர்ந்த விபத்துகளில் சிலவற்றை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பறந்துகொண்டிருக்கும்போதே மடியில் புத்தகத்தை வைத்துப் படிப்பார் என்று சக விமானிகள் சொல்வதுண்டு. ஒரு தடவை நாவலில் கடைசிச் சில பக்கங்கள் பாக்கியிருந்தன என்பதற்காக, இறங்க வேண்டிய மைதானத்துக்கு மேலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தார் என்றும் ஒரு கதை உண்டு. கீழே காத்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

1929-ல் தென் அமெரிக்காவுக்குப் போனார். போனஸ் அயர்ஸ் நகரில் பெரிய பதவி. அவருடைய உயிர் நண்பர் ஆன்ரி கியோமே 1930 ஜூன் மாதம் ஆண்டீஸ் மலையில் பனிப்புயலில் விழுந்து, ஐந்து நாள் பனியிலே நடந்து உயிர் பிழைத்து வந்தது அப்போதுதான். தேடிப் பறந்தவர்களில் செந்த் எக்சுபெரியும் ஒருவர். 1931-ல் வெளிவந்த 'இரவு விமானம்' என்ற நாவல் பரிசு பெற்று அவரைப் புகழ் ஏணியில் ஏற்றியது. அதே வருஷம் கொன்சுவேலோ என்ற பெண்மணியை மணந்தார்.

தண்ணீருக்குள் ஒரு விமானம்

புகழ் வந்தது, வேலை போயிற்று. தபால் கம்பெனி கடனில் மூழ்கியது. 1933-ல் புது விமானங்களை ஓட்டிப் பரீட்சை பார்க்கும் உத்தியோகத்துக்குப் போனார். கனவு காண்கிறவர் போகவே கூடாத உத்தியோகம் அது. அந்த வருஷம் டிசம்பர் மாதம் சேன் ரஃபயேல் என்ற கடலோர ஊரில் ஒரு மிதவை விமானத்தைத் தண்ணீரில் இறக்கினார். சக்கரத்துக்குப் பதிலாகப் படகு போன்ற மிதவைகள் உள்ள விமானம் அது. தரையில் இறங்குகிற பழக்கத்திலேயே அதையும் இறக்கினார். நீரில் இறங்கும்போது மூக்கு சற்று மேலே தூக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிதவையின் முனை தண்ணீரில் குத்திக்கொள்ளும். அப்படியே குத்தியது. விமானம் தலைகீழாகக் கவிழ்ந்து நீரில் மூழ்கிற்று. அவர் உள்ளே அகப்பட்டுக்கொண்டார். மூச்சு முட்டிச் சாகும் தறுவாயில் எப்படியோ வெளியே வந்தார். அந்த உத்தியோகமும் அத்துடன் முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. மறு வருஷம், 1934 டிசம்பரில், அவர் ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். எதற்குத் தெரியுமா? விமானம் தரையிறங்குவதற்கு உதவும் ஒரு சாதனத்துக்கு! பிற்காலத்தில் இப்படிப் பத்துக்கு மேற்பட்ட காப்புரிமைகள் வாங்கினார். தம் பலவீனம் எது என்று தெரியாதவர் அல்ல அவர்.

நாலு பிளக்குகள்

அந்தக் காலத்தில் சின்ன விமானங்களில் நெடுந்தூரம் பறந்து பரிசு வாங்குவது எல்லா நாட்டிலும் ஒரு மோகமாக இருந்தது. நம் நாட்டிலும் இருந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் தருவதாக ஆகாகான் அறிவித்தார். 1930-ல் கராச்சியிலிருந்து புறப்பட்ட ஜே.ஆர்.டி. டாட்டாவும், இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ஆஸ்பி எஞ்சினியர் என்ற இளைஞரும் எகிப்தில் அபூகிர் மைதானத்தில் சந்தித்தார்கள். எஞ்சினியரிடம் மாற்று ஸ்பார்க் பிளக் இல்லை. அதனால் மேலே போக முடியாமல் நின்றுகொண்டிருந்தார். டாட்டா தம்மிடம் கூடுதலாக இருந்தவற்றிலிருந்து நாலு பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார். பந்தயத்தில் சில மணி நேர வித்தியாசத்தில் ஜெயித்தவர் எஞ்சினியர்தான். பின்னாளில் அவர் 1960-லிருந்து 1964 வரை இந்திய விமானப் படைத் தளபதியாக இருந்தார். டாட்டாவோ, 1932-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு பறந்தார். அந்தத் தபால் அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கும் பறந்து வந்தது.

போட்டியிலும் மாற்றுப் பிளக்குகளைக் கணக்காக எடுத்து வைத்துக்கொண்டு புறப்பட்டவர் டாட்டா. அந்த அபூகிருக்கு அதிகத் தூரமில்லாத மணல்வெளியில், ஐந்து வருஷம் கழித்து வந்து விழுந்தவர் நமது பிரெஞ்சுக்காரர்.

மணலில் நான்கு நாள்

பாரிஸிலிருந்து சைகோனுக்கு மிகக் குறைந்த நேரத்தில் பறப்பவருக்கு 1,50,000 பிராங்கு பரிசு. 1935 டிசம்பர் முடிவதற்குள் பறந்தாக வேண்டும். செந்த் எக்சுபெரிக்குக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. சிமூன் என்ற அந்தச் சின்ன விமானம் அவருடைய சொந்த விமானம். பாரம் குறையட்டும், பெட்ரோல் கூடுதலாக ஏற்றலாம் என்று ரேடியோவை எடுத்துக்கொள்ளவில்லை. போதிய தூக்கமும் இல்லை. டிசம்பர் 29-ந் தேதி காலையில் லெ பூர்ஜேயிலிருந்து கிளம்பினார். கூடப் போனவர் ஆந்த்ரே பிரவோ என்ற மெக்கானிக்.

பிரவோவைப் பற்றி உலகம் அதிகமாகப் பேசுவதில்லை. கனவு காணும் விமானியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தம் உயிரையும் அவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பறந்த தொழிலாளியை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயம் அல்ல.

பெங்காசியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு இரவில் கெய்ரோவை நோக்கிப் பறந்தார்கள். கீழே மேகம், மேலே இருட்டு. காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை. நைல் நதியைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து, விளக்குகளைத் தேடிக் கீழே இறங்கினார். உயரம் காட்டும் கருவி காற்றின் அழுத்தத்தை வைத்து வேலை செய்வது. ஊருக்கு ஊர் அழுத்தம் மாறும். அதற்கேற்பக் கருவியைத் திருத்திக்கொள்ளாவிட்டால் அது பொய் சொல்லும். அதிகாலை 2 மணி 45 நிமிஷத்துக்கு, மணிக்கு 270 கிலோ மீட்டர் வேகத்தில், சிமூன் ஒரு மேட்டு நிலத்தில் போய் மோதிற்று. நைல் இன்னும் வரவே இல்லை!

அதிசயம் என்னவென்றால் இருவருமே சாகவில்லை. தரையில் உருண்டைக் கூழாங்கற்கள் பரவிக் கிடந்ததால் விமானம் அவற்றின் மேலே வழுக்கிக்கொண்டு 250 மீட்டர் போய் நின்றது. தண்ணீர்த் தொட்டி உடைந்து மணல் குடித்துவிட்டது. மிச்சம் இருந்தது கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஒயின், சில திராட்சை, ஒரு ஆரஞ்சுப் பழம். கானல் நீரைப் பார்த்து நடந்தார்கள். இரவில் பாராசூட் துணியை விரித்துப் பனியைப் பிடித்துக் குடித்தார்கள். அதில் கலந்திருந்த ரசாயனம் வாந்தியைக் கிளப்பிற்று. நான்காம் நாள், ஒட்டகத்தில் வந்த ஒரு அராபியர் அவர்களைக் கண்டு தண்ணீர் கொடுத்தார்.

இந்த விபத்தை முழுக்கக் கவனப் பிசகு என்று சொல்லிவிட முடியாது. காற்று, இருட்டு, ரேடியோ இல்லாமை, களைப்பு எல்லாம் சேர்ந்தன. ஆனால் களைப்போடும் அவசரத்தோடும் புறப்பட்டதற்கு யார் பொறுப்பு?

இதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான், 1935 அக்டோபர் 30-ந் தேதி, அமெரிக்காவில் டேட்டன் நகருக்கு அருகே போயிங் கம்பெனியின் புதிய பெரிய விமானம் ஒன்று கிளம்பிய உடனே விழுந்தது. வால் பக்கத்து இறக்கைகள் காற்றில் ஆடாமல் இருக்கப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர் கைதேர்ந்த விமானி. அதிலிருந்துதான், செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வழக்கம் பரவிற்று. 1981-ல் அமெரிக்க சர்க்கார் இன்னொரு விதியும் கொண்டு வந்தது. பயணிகள் விமானம் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, விமானிகள் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சே பேசக்கூடாது. 1974-ல் விமானிகள் அரசியலும் ஊர்க்கதையும் பேசிக்கொண்டே இறக்கிய ஒரு விமானம் சார்லட் நகர மைதானத்துக்கு முன்னாலேயே தரையில் மோதியது. அதன் பலன்தான் இந்த விதி. சொந்த விமானத்தில் தனியாகப் பறக்கிறவரை அது கட்டுப்படுத்தாது.

மறுபடியும் பிரவோ

பாலைவனத்தில் பட்ட பாடு போதாது என்று 1938 பிப்ரவரியில் இருவரும் இன்னொரு சிமூனில் நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்காவின் கடைக்கோடிக்குப் புறப்பட்டார்கள். ஆம், பிரவோ மறுபடியும் ஏறினார்! குவாதமாலா நகரில் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி நிரம்பிவிட்டது. அமெரிக்கக் காலன் வேறு, ஆங்கிலக் காலன் வேறு. அந்தக் கணக்கில் வந்த குழப்பம் என்று சொல்வதுண்டு. அந்த ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு. பாரம் தாங்காமல் விமானம் ஓடுபாதையின் முடிவில் விழுந்து நொறுங்கிற்று. பிரவோவுக்கும் காயம். செந்த் எக்சுபெரி பல நாள் பிரக்ஞை இல்லாமல் கிடந்தார். உடம்பில் எத்தனையோ எலும்புகள் முறிந்தன. அன்று பட்ட காயங்கள் கடைசிவரை ஆறவே இல்லை. பிற்காலத்தில் விமானிக்குரிய உடையைத் தாமாக மாட்டிக்கொள்ளக்கூட அவரால் முடியாது.

படுக்கையில் கிடந்த மாதங்களில் எழுதி முடித்த நூல் 1939-ல் வெளிவந்து பிரெஞ்சு இலக்கிய சங்கத்தின் பெரிய பரிசை வாங்கிற்று.

பிரேக் பிடிக்கவில்லை

இரண்டாவது உலக யுத்தத்தில் பிரான்ஸ் விழுந்ததும் அமெரிக்கா போனார். 'குட்டி இளவரசன்' 1943 ஏப்ரலில் நியூயார்க்கில் வெளிவந்தது. அதே மாதம் வட ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறி, தமது பழைய வேவுப் படைப் பிரிவில் சேர்ந்துகொண்டார். அமெரிக்கர்கள் கொடுத்திருந்த 'லைட்னிங்' என்ற இரட்டை யந்திர விமானத்துக்கு வயது வரம்பு உண்டு. அவர் அதை எப்போதோ தாண்டியவர். 43 வயது, முறிந்த எலும்புகள். ஆனாலும் கெஞ்சிக் கூத்தாடி உத்தரவு வாங்கினார்.

ஆகஸ்டு மாதம், துனிஸ் நகருக்கு அருகே இறங்கும்போது விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடிப்போய் மோதிற்று. பிரேக்குக்கு வேண்டிய அழுத்தத்தைப் பம்ப் செய்து ஏற்றிக்கொள்ள அவர் தவறிவிட்டார். பழைய விமானங்களில் அந்த வேலையே கிடையாது. அமெரிக்கத் தளபதி ஒரு பேச்சும் கேட்கவில்லை. பறக்கவே கூடாது என்று நிறுத்திவிட்டார். புகழ் பெற்ற ஆசிரியராக இருந்தால் என்ன? யுத்த காலத்தில் ஒரு விமானம் லேசான சொத்தா? அந்தத் தளபதி செய்ததில் தப்புக் காண முடியாது.

எட்டு மாதத்துக்கு மேல் அல்ஜியர்ஸில் அறைக்குள் அடைந்து கிடந்தார். பெரிய தளபதிகள் வரை போய் முறையிட்டு, ஐந்து தடவை மட்டும் பறக்க அனுமதி பெற்றார். ஐந்துக்கு மேலேயே பறந்தார்.

1944 ஜூலை 31-ந் தேதி காலை 8 மணி 45 நிமிஷத்துக்குக் கோர்சிகா தீவில் போர்கோ மைதானத்திலிருந்து, பிரான்ஸின் கிழக்குப் பகுதியைப் படம் பிடிக்கத் தனியாகக் கிளம்பினார். மத்தியானம் ஆயிற்று. பெட்ரோல் தீரும் நேரமும் கடந்தது. விமானம் திரும்பவில்லை.

வலையில் வந்த சங்கிலி

அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. 1998 செப்டம்பரில் மார்சேய் நகருக்கு அப்பால் கடலில் வலை இழுத்த செம்படவர் ஒருவருக்கு, கறுத்துப்போன வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று கிடைத்தது. தேய்த்துப் பார்த்தால் செந்த் எக்சுபெரியின் பெயரும், மனைவி கொன்சுவேலோவின் பெயரும்! 2000-ல் லுய்க் வான்ரெல் என்ற முக்குளிப்பவர் அதே பகுதியில் கடலடியில் கிடந்த விமானத் துண்டுகளைக் கண்டார். 2003-ல் அவற்றை மேலே கொண்டு வந்தார்கள். ஒரு துண்டில் பொறித்திருந்த 2734 என்ற தொழிற்சாலை எண், அது அவருடைய விமானம்தான் என்பதை 2004-ல் உறுதிப்படுத்திற்று.

எதிரி சுட்டதா, யந்திரம் கெட்டதா, பிராணவாயுக் குழாய் கழன்றதா, அல்லது பழைய வழக்கம்போல் மனம் வேறெங்காவது போயிருந்ததா என்பதை அந்தத் துண்டுகள் சொல்லவில்லை. குண்டு துளைத்த அடையாளம் எதுவும் அவற்றில் தென்படவில்லை. இப்போது அவை லெ பூர்ஜே மைதானத்தை ஒட்டிய விமானக் காட்சிசாலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. 1923-ல் அவர் முதல் தடவையாக மண்டை உடைத்துக்கொண்டதும், 1935-ல் பிரவோவை ஏற்றிக்கொண்டு சைகோனுக்குக் கிளம்பியதும் அதே மைதானத்தில்தான்.